வளவில் விறகு, கூரையில் வெயில்

கல்முனைக் கரையோரத்தில் பெண்பிள்ளை பிறந்த வீட்டில் வாப்பாவின் கணக்கு அன்றைக்கே தொடங்கிவிடும். அவளுக்கு ஒரு வீடு வேண்டும். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்வதும், வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குப் போவதும் மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை இன்னும் விட்டுப்போகாத வழக்கம். மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் இளையவர்களோடு வளவின் மறுமூலையில் இன்னொரு வீடு எழுப்பிக்கொண்டு போவார்கள். அடுத்தவளின் கலியாணத்தோடு அதுவும் கைமாறும். ஒரு தலைமுறையில் வளவு இரண்டாகும், அடுத்ததில் நாலாகும். சாய்ந்தமருதிலும் நற்பிட்டிமுனையிலும் இன்று மதிலோடு மதில் ஒட்டி நிற்கிற வீடுகளில் பல, ஒருகாலத்தில் ஒரே மூத்தம்மாவின் தென்னை வளவாக இருந்த நிலத்தில் நிற்பவை.

இந்த ஊர்களின் அடுப்பு மாறிய கதையை அந்த வளவிலிருந்துதான் தொடங்கவேண்டும். குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்க எதை எரிப்பது, புகையும் கரியும் குறைந்த வழிக்கு மாறுகிறவருக்கு அரசு எவ்வளவு கொடுப்பது என்று பெரிய விவாதம் நடக்கிறது. நமக்கு அந்தக் குளிர் இல்லை. மாரியில் வாடைக்காற்று அடிக்கும் சில வாரங்களில் போர்வையை இழுத்து மூடினால் போதும். நம் வீட்டுக்குச் சூடு வேண்டியது குசினியில்தான். சோறு, கறி, நோன்புக் கஞ்சி, பிள்ளை பெற்றவளுக்குச் சுடுதண்ணி. அந்தத் தீக்கு இந்த நாட்டின் அரசுகள் அன்று என்ன உதவி செய்தன, இன்று செய்யும் உதவி யார் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்டுப் பார்க்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

பத்துத் தென்னை நின்ற வளவில் விறகுக்குக் காசு கொடுத்தவர் கிடையாது. காய்ந்து விழும் ஓலையும் மட்டையும், பாளை, பன்னாடை, உரித்த பொச்சு, துருவி முடித்த சிரட்டை எல்லாம் குசினிப் பக்கமாகச் சேரும். தீ மூட்ட பன்னாடை. நின்று எரிய மட்டை. கனல் வேண்டுமானால் பொச்சு. சிரட்டைக் கரி இஸ்திரிப் பெட்டிக்குப் போகும், சாம்பல் சட்டி பானை தேய்க்கப் போகும், மிச்சம் வாழையடிக்குப் போகும். மழைக்கு முன் உலர்ந்த விறகை எல்லாம் அடுப்புக்கு மேலே பறணில் ஏற்றிவிடுவார்கள். கார்த்திகை, மார்கழி அடைமழையில் வெளியே ஒரு சுள்ளிகூட உலராது. அந்தப் பறண்தான் வீட்டைக் காப்பாற்றும். மட்டை போதாத வீட்டுக்கு மேற்கே காட்டுப்பக்கமிருந்து வண்டிலில் விறகு வந்தது. வயல்காரர் வீடுகளில் நெல் அவிக்கும் கிடாரத்துக்கு உமி. சம்மாந்துறை, நிந்தவூர் பக்கம் கல்லோயாத் திட்டத்தின் தண்ணீர் வந்த பிறகு நெல் பெருகியது, ஆலைகள் வந்தன, உமியும் பெருகியது. மருதமுனைத் தறிக்காரர் நூலுக்குச் சாயம் காய்ச்சியதும் விறகுத் தீயில்தான்.

அந்த வாழ்க்கையை நான் உயர்த்திச் சொல்லமாட்டேன். பறண் கறுத்த அதே புகை அடுப்படியில் இருந்தவளின் நெஞ்சிலும் படிந்தது. வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, மண்ணெண்ணெய்ப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் மூத்தம்மாமாரின் ஓயாத இருமலை வயசுக் கோளாறு என்று சொல்லித் தள்ளிவிட்டோம். அவர்கள் ஒரு நாளில் நாலைந்து மணித்தியாலம் அந்தப் புகைக்குள் குந்தியிருந்தார்கள் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அன்று அரசு தந்த உதவி மண்ணெண்ணெய்தான். 1979-ல் உணவு முத்திரை வந்தபோது கூடவே மண்ணெண்ணெய் முத்திரையும் வந்தது. குப்பி விளக்குக்கும், மழைநாளில் தீமூட்டவும் அது உதவியது. 1990-ல்கூட இலங்கையில் நூறு வீடுகளில் 29 வீட்டுக்குத்தான் மின்சாரம் இருந்தது. மற்ற வீடுகளில் பிள்ளைகள் குப்பி விளக்கில் படித்தார்கள், அது கவிழ்ந்து தீக்காயம் பட்ட பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். கவிழாத, உருளாத குட்டைக் கண்ணாடி விளக்கை வடிவமைத்துப் பரப்பிய டொக்டர் விஜய கொடகும்புரவுக்கு 1998-ல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அவர் தீக்காயங்களுக்குச் சிகிச்சை செய்த சத்திரசிகிச்சை நிபுணர். அடுப்புப் பக்கமும் ஒரு முயற்சி நடந்தது. எண்பதுகளில் மின்சார சபை விறகுச் சிக்கனத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அந்த வழியில் வந்த அனகி அடுப்பு, இரண்டு சட்டி வைக்கும் களிமண் அடுப்பு, நாட்டின் பல பகுதிகளில் குயவர் கையால் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டது. குறைந்த விறகு, குறைந்த புகை, ஏழைக்கும் எட்டும் விலை. நம் நாட்டில் அடுப்படியை நேராகப் பார்த்து வந்த அரச முயற்சி என்று நான் மதிப்பது அதைத்தான்.

பிறகு போர். விறகுக்கும் வயலுக்கும் மேற்கே போவது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற காரியமாயிற்று. போனவர் திரும்பாத வீடுகள் இந்தக் கரையெங்கும் உண்டு. காட்டு விறகு அருகியது. வளவும் பிரிந்துகொண்டே வந்ததால் தென்னைகள் ஒவ்வொன்றாக வீட்டு அத்திவாரத்துக்கு இடம்விட்டு விழுந்தன. எஞ்சியிருந்ததில் பெரும்பகுதியை 2004 டிசெம்பர் 26 கொண்டுபோனது. இலங்கையில் சுனாமியால் ஆக அதிகமானோர் இறந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கடல் ஏறிய இடங்களில் வீடும் போனது, வளவும் போனது, உம்மாவும் போனாள்.

கிழக்கில் முதலில் 200 மீற்றர் என்று விதித்த கரையோரத் தடைவலயத்தால் பலர் உள்ளே நகர்த்தப்பட்டார்கள். கல்முனையில் கிறீன்பீல்ட், சாய்ந்தமருதில் பொலிவேரியன் என்று புதிய குடியிருப்புகள் எழுந்தன. அக்கரைப்பற்றை அடுத்து சவூதி நிதியில் கட்டிய 500 வீடுகள் வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்ததும் இந்தக் காலத்துக் கொடுமைதான். குடியேறியவர்களுக்கு வீடு கிடைத்தது, வளவு கிடைக்கவில்லை. தொடர்மாடியில் விறகு எரிக்க இடமில்லை, பொச்சு உலர்த்த முற்றமில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது. சுத்தமான தீ, உடனே எரியும், சஹருக்கு எழும்பி ஊதுகுழலோடு போராட வேண்டியதில்லை. ஐந்தாறு வருடத்தில் கரையோரம் முழுக்க கேஸ் அடுப்பு பரவியது. இலங்கை முழுவதையும் எடுத்தால் 2012 குடிசன மதிப்பீட்டின்போதும் நாலு வீட்டில் மூன்றுக்கு மேல் விறகில்தான் சமைத்தன. நம் கரையோர நகரங்கள் அந்தக் கணக்கைவிட முன்னே ஓடின. இடம் இல்லாததே அதற்கு முதற்காரணம், வசதி அதற்குப் பிறகுதான்.

அப்படி ஓடியவர்களை 2021 பிற்பகுதி பிடித்து நிறுத்தியது. அந்த ஒக்டோபர் வரை 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபாய். நவம்பரில் அடுப்பும் சிலிண்டரும் வெடித்த செய்திகள் ஊர் ஊராக வந்தன. கேஸ் கலவையை மாற்றியதே காரணம் என்று விசாரித்த குழு சொன்னது. 2022 ஏப்ரலில் அதே சிலிண்டர் 4,860 ரூபாய், அதுவும் கிடைத்தால். வீதியோரத்தில் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வரிசையில் வைத்துவிட்டுப் போனார்கள். மின்சாரம் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நின்றது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது, கடலுக்குப் போகும் சிறு படகின் என்ஜினும் அதே எண்ணெயில்தான் ஓடியது. விறகுக்குத் திரும்பலாம் என்றால் வளவில் மரம் இல்லை. தொடர்மாடிப் பெண்கள் படிக்கட்டின் கீழே மூன்று கல்லை வைத்து, தச்சுப்பட்டறைத் துண்டுகளை எரித்துச் சோறு ஆக்கினார்கள். எரிக்கவேண்டியதைத் தானே தேடிக்கொள்ளும் வல்லமையை இந்த ஊர்கள் இழந்துவிட்டன என்பது அந்த வருடம் எல்லோருக்கும் தெரிந்துபோனது.

இன்னொரு மாற்றத்தையும் இங்கே சொல்லவேண்டும். அன்று வீட்டுக்குள் வெயில் ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று வீசும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்டு, சூடாகி இறங்குகிற காற்று அது. நடுப்பகலில் முகத்தைச் சுடும். கிடுகுக் கூரையும் மண்சுவரும் தென்னை நிழலும் அந்தச் சூட்டை வாசலோடு நிறுத்தின. இன்று சுற்றிலும் மதில், மேலே தகடு அல்லது கொங்கிறீற் தட்டு, நிழலுக்கு ஒரு மரமில்லை. இரவு பதினொரு மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடுகிறது. வெளிநாட்டு உழைப்பில் கட்டிய வீடுகளில் ஏசி ஓடுகிறது. மற்ற வீடுகளில் காற்றாடி, அந்தச் சூட்டையே சுழற்றுகிறது.

அந்த ஏசியும் பிரித்தானிய அரசு இன்று மானியம் கொடுத்து வாங்கச் சொல்லும் வெப்பப் பம்பும் அடிப்படையில் ஒரே இயந்திரம். அறையின் சூட்டை வெளியே தள்ளுவது ஏசி. வெளியே உள்ள சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் விடுவது வெப்பப் பம்பு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எண்ணெய், கேஸ் கொதிகலனைக் கழற்றிவிட்டு அதைப் பொருத்துகிற வீட்டுக்காரருக்கு 2023 ஒக்டோபரிலிருந்து 7,500 பவுண் கிடைக்கிறது. பொருத்தும் நேரத்திலேயே அந்தத் தொகை பில்லில் கழிந்துவிடும். இந்தியாவில் 2024 பெப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டமும் அதே வழிதான். 3 கிலோவாட் சூரியத் தகடு போடும் வீட்டுக்கு 78,000 இந்திய ரூபாய் வரை மானியம், இலக்கு ஒரு கோடி வீடு. இரண்டு இடத்திலும் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. முதல் செலவில் ஒரு பங்கை அரசு தாங்குகிறது. கையில் காசில்லாதவர் உள்ளே வரும் வாசல் அந்த முதல் செலவுதான்.

இலங்கை வேறு வழியில் போனது. 2010-ல் தேறிய மானி முறை வந்தது: பகலில் கூரையின் சூரியத் தகடு தரும் மின் அலகை மின்சார சபைக்கு அனுப்பி, இரவில் நீங்கள் எடுக்கும் அலகோடு கழித்துக்கொள்ளலாம், மிஞ்சியது அடுத்த மாதக் கணக்கில் சேரும். 2016 செப்டெம்பரில் சூரிய பல சங்கிராமய என்ற பெயரில் திட்டம் விரிந்தது. மிஞ்சிய அலகுக்குக் காசு. முதல் ஏழு வருடம் அலகுக்கு 22 ரூபாய், அடுத்த பதின்மூன்று வருடம் 15.50. 2017-ல் ஆசிய அபிவிருத்தி வங்கி 5 கோடி டொலர் கடன் கொடுத்து, வங்கிகள் வழியே குறைந்த வட்டியில் கூரைச் சூரியக் கடன் வர வழிசெய்தது. 2022 நெருக்கடிக்குப் பிறகு புதிய இணைப்புக்கு அலகு விலை 37 ரூபாய் ஆனது. 2025-ல் அதை வெட்டி, 5 கிலோவாட் வரையான கூரைக்கு 20.90 என்று வைத்தார்கள்.

அந்த எண்களை ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால்தான் அவற்றின் பொருள் தெரியும். இலங்கையில் ஒரு கிலோவாட் தகடு மாதம் ஏறத்தாழ 120 அலகு தரும். 5 கிலோவாட் என்றால் 600. முழுவதையும் விற்றால் 37 ரூபாய்க் காலத்தில் மாதம் 22,200. 2025-ன் புதிய விலையில் 12,540. ஆனால் அந்தத் தகட்டைப் போட முதலில் பல இலட்சம் வேண்டும். வங்கிக் கடனுக்கு மாதச் சம்பளமோ பிணையாளியோ வேண்டும். நம் ஊரில் வீட்டு உறுதி பெண்ணின் பெயரில், உழைப்பு கடலிலும் வயலிலும் கட்டாரிலும் இருக்கிற ஆணின் கையில். மாதச் சம்பளச் சீட்டு பெரும்பாலான வீடுகளில் இருவருக்கும் கிடையாது. அதனால் சங்கிராமயம் எந்தக் கூரைகளுக்குப் போனது என்று பிரதான வீதியிலிருந்து கடற்கரை வரை நடந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். கடைத்தொகுதி, ஆலை, வைத்தியர், ஆசிரியத் தம்பதி, வெளிநாட்டுக் காசு வந்த மாடி வீடு. குறுக்கு ஒழுங்கைக்குள் நுழைந்தால் கூரைகள் வெறுமையாகின்றன.

தகடு போட்டவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. திட்டத்தின் அமைப்பே அப்படி. நாட்டின் பெரும்பாலான வீடுகள் மாதம் 90 அலகுக்குள் எரிப்பவை. அவர்களுக்கு மின்சாரம் பழைய காலம் முதலே குறைந்த விலையில் கிடைத்தது. முதல் 30 அலகு 2.50 ரூபாய்க்கு இருந்தது. அந்த விலையில் சூரியத் தகடு அவர்களுக்குப் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தாது. நிறைய எரிப்பவருக்குத்தான் அது பெரிய லாபம். 2022 ஓகஸ்டில் அந்த 2.50 எட்டு ரூபாயாகி, 2023 பெப்ரவரியில் 30 ரூபாயாகத் தாவியபோது, குறைய எரித்தவருக்கும் கூரைத் தகடு வேண்டும் என்ற நிலை வந்தது. அப்போது அவரிடம் முதல் இல்லை. விலை பிறகு இறங்கியது. அந்த இரண்டு வருடத்தில் அடகுக்குப் போன நகை எல்லாம் திரும்பவில்லை.

இதில் இன்னொரு தடையும் உண்டு, வெளியே அதிகம் பேசப்படாதது. ஒரு ஒழுங்கையின் மின்மாற்றி இவ்வளவு சூரிய மின்சாரத்தைத்தான் தாங்கும் என்று ஒரு எல்லை இருக்கிறது. அதைத் தாண்டினால் பகலில் மின்னழுத்தம் ஏறி, இன்வேட்டர்கள் தானாகவே நின்றுவிடும். அந்த எல்லை நிரம்பியதும் புதிய விண்ணப்பத்தை மறுத்துவிடுவார்கள். முந்தி வந்த நாலு பெரிய கூரை அந்த இடத்தை எடுத்துக்கொண்டால், பிந்தி வருகிற நாற்பது சின்னக் கூரைக்கு இடமில்லை. வளவைப் பங்கிட்ட சமூகத்துக்கு இது விளங்காத விஷயம் அல்ல. மூத்தவளுக்கு முழு வளவையும் எழுதிவிட்டு இளையவளை வெறுங்கையோடு அனுப்பும் வாப்பா நம்மிடம் இல்லை.

நாடு இதைவிட நன்றாகவும் செய்திருக்கிறது. 1997-லிருந்து 2011 வரை உலக வங்கி உதவியோடு நடந்த இரண்டு திட்டங்களில் மின்கம்பி எட்டாத ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சிறு சூரியத் தொகுதிகள் போயின. ஒரு சிறு தகடு, ஒரு பற்றரி, இரண்டு மூன்று பல்ப். சர்வோதயத்தின் சீட்ஸ் போன்ற நுண்கடன் அமைப்புகள் கிராமத்துக்கே போய்க் கடன் கொடுத்து, தவணை அறவிட்டன. மானியம் முதலிலேயே விலையில் கழிந்தது. கடன் சின்னது, பிணை ஊர்ச் சங்கம். இன்று பெரிய கூரைகளால் வளர்ந்த திட்டத்தில் அந்த வழி காணாமல் போனது எனக்கு வருத்தம்.

நம் பள்ளிவாசல்களின் விஷயத்தில் ஒரு நல்லது நடந்திருக்கிறது. இந்திய அரசின் நன்கொடையில் 25 மாவட்டங்களிலும் 5,000 வழிபாட்டுத் தலங்களுக்குச் சூரியத் தொகுதி போடும் திட்டத்தை 2025 ஏப்ரலில் நரேந்திர மோடி இலங்கை வந்தபோது தொடங்கிவைத்தார். மொத்தம் 25 மெகாவாட், தலத்துக்கு 5 கிலோவாட். பன்சலை, கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எல்லாம் அதில் உண்டு. மின்கட்டணம் பல மடங்கு ஏறிய வருடத்தில் வுழூச் செய்யும் இடத்து மோட்டாரை நேரம் பார்த்துப் போட்ட நிர்வாகங்களுக்கு இதன் அருமை தெரியும். முதல் செலவை யாரோ ஏற்றால் கூரை எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்பதை இது காட்டுகிறது.

இப்போது நாட்டுக்கு வந்திருக்கும் பிரச்சினை 2022-ன் பற்றாக்குறைக்கு நேர் எதிரானது. பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது. கூரைச் சூரியத்தின் கொள்ளளவு புத்தளத்து நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் 900 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் தொடங்கிய கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. தேவை குறைந்த விடுமுறைப் பகலில் சூரியப் பங்கு கூடியிருந்ததால் கட்டமைப்பு தாங்கவில்லை என்று விளக்கம் வந்தது. இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் நேரத்தில் கூரைத் தகடுகளை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. கோடை உச்சியில், வெயில் சும்மா கொட்டும் நாட்களில், வெயிலை எடுக்காதீர்கள் என்ற வேண்டுகோள்.

அதே பகல், அதே பதினொரு மணிக்கு, கல்முனைக் கரையில் ஒவ்வொரு குசினியிலும் சோறும் கறியும் கொதித்துக்கொண்டிருந்தது. புத்தாண்டு நம் வீட்டுப் பெருநாள் அல்ல, அடுப்பு வழமைபோல எரிந்தது. எரிந்தது டொலர் கொடுத்துக் கப்பலில் கொண்டுவந்த கேஸ். ஒரு பக்கம் மிஞ்சும் சூரியத்தை அணைக்கச் சொல்கிறோம், மறுபக்கம் அதே நேரத்துக்குச் சமைக்க எரிபொருளை இறக்குமதி செய்கிறோம். இந்த இரண்டையும் ஒன்றாக்குவதுதான் அடுத்த ஊக்குவிப்பின் வேலையாக இருக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கணக்கும் அதற்குச் சாதகம். 12.5 கிலோ கேஸில் 160 அலகு அளவு சூடு இருக்கிறது. கேஸ் அடுப்பில் அதில் பாதியளவுதான் சட்டிக்குள் போகும், மிச்சம் குசினியைச் சூடாக்கும். தூண்டல் அடுப்போ மின் அமுக்கப் பானையோ தான் எடுப்பதில் பெரும்பகுதியைச் சட்டிக்கே கொடுக்கும். ஆகவே ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை ஏறத்தாழ 100 அலகு மின்சாரம் செய்யும். புதிய கூரைக்காரருக்கு 2025-ல் வைத்த அதே 20.90 ரூபாய்க்கு அந்த அலகு குசினிக்கு வந்தால் செலவு 2,090. கேஸ் சிலிண்டர் 2025-ல் 3,700 ரூபாயை ஒட்டி விற்றது. விநியோகச் செலவைச் சேர்த்தாலும் குசினிக்கு லாபம்தான். சோற்றுப்பானையை மின்சாரத்தில் வைக்க நம் பெண்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, ரைஸ் குக்கர் பல வீடுகளில் இருக்கிறது.

ஆனால் இன்றைய கட்டண முறை மின்சாரத்தில் சமைக்கிறவளைத் தண்டிக்கிறது. மாதம் 60 அலகுக்குள் எரிக்கும் வீட்டுக்கு ஒரு விலைவரிசை, அதைத் தாண்டினால் வேறு விலைவரிசை. கேஸை விட்டு மின்சாரத்தில் சமைக்கத் தொடங்கிய மாதமே அவள் அறுபதைத் தாண்டுவாள், அதுவரை குறைந்த விலையில் இருந்த அலகுகளும் சேர்ந்து ஏறிவிடும். சூரியன் இலவசமாகத் தருகிற நேரத்தில் அவள் எடுத்த அலகும், டீசல் எரித்து ஓட்டுகிற இரவு உச்ச நேரத்து அலகும் அவளுடைய மானியில் ஒன்றாகவே பதியும். பற்றரி வைத்து மாலையில் மின்சாரம் தருகிறவருக்குக் கூடிய விலை என்று 2025-ல் அரசு பேசத் தொடங்கியது. அதுவும் நல்லதே. ஆனால் பற்றரி வாங்கப்போவதும் முன்னே சொன்ன அதே மாடி வீடுகள்தான்.

நோன்பு மாதத்தில் நடுப்பகல் அடுப்பு நிற்கும், கஞ்சியும் பலகாரமும் அஸர் நேரத்துக்குத் தள்ளும், சஹர் சமையல் இருட்டில் நடக்கும் என்று யாராவது சொல்லலாம். சரிதான். வருடத்தில் மற்றப் பதினொரு மாதமும் பகல்சாப்பாடு பகலில்தான் ஆகிறது. பழைய வீடுகளின் வயரிங் ஒரு மின் அடுப்பைத் தாங்குமா என்ற கேள்வி இன்னும் நியாயமானது. தாங்காத வீடுகள் இருக்கின்றன. அந்த வயரை மாற்றிக் கொடுப்பதும் மானியத்தில் சேரவேண்டும். பிரித்தானியாவில் கொதிகலனைக் கழற்றுகிறவருக்குப் பொருத்துகூலியோடு சேர்த்துத்தான் அரசு தருகிறது.

கேட்கவேண்டியவை இவை. அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பெறும் வீடுகளுக்கு ஒரு மின் அடுப்பும் வயரிங் திருத்தமும் முதலிலேயே கழிவோடு கிடைக்கட்டும். காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை எடுக்கும் அலகுக்குச் சிறிய வீட்டுக்கும் தனி மலிவு விலை வரட்டும், அது அறுபது அலகுக் கணக்கில் சேராதிருக்கட்டும். ஒவ்வொரு மின்மாற்றியிலும் ஒன்று, இரண்டு கிலோவாட் சின்னக் கூரைகளுக்கென்று ஒரு பங்கு ஒதுக்கி வைக்கட்டும். கடனை வீட்டு உறுதிக்காரியின் பெயரில், சங்கப் பிணையில் கொடுக்கட்டும். அவளுடைய வீடு, அவளுடைய கூரை. நம் மாநகர சபையும் பிரதேச சபைகளும் புதிய வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும்போது வளவில் ஒரு நிழல் மரத்துக்கு இடம் கேட்கட்டும். இதில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

மின்கட்டணத்தைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. எழுத்திலும் தரலாம், நேரில் போயும் சொல்லலாம், தமிழிலும் சொல்லலாம். அங்கே பேசுகிறவர்களில் தொழிற்சாலைக்காரரும் ஹோட்டல்காரரும் சூரிய நிறுவனங்களும் தவறுவதில்லை. அடுத்த முறை மருதமுனையிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் ஒலுவிலிலிருந்தும் குசினிக்காரப் பெண்களின் கடிதங்கள் போகட்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் மாதர் சங்கங்களும் அதை எழுத உதவட்டும். பகல் பதினொரு மணி மின்சாரத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று எழுதுங்கள்.